வடசென்னையில் வக்கீல் வருமானம்: பேசிய ஃபீஸ் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகள் 5 வருட சட்டப் படிப்பை இந்த ஆண்டு முடிக்கிறாள். வெளியூருக்கோ கம்பெனி வேலைக்கோ போகாமல் வடசென்னையிலேயே பிராக்டிஸ் செய்ய வேண்டும் என்கிறாள். முதல் வருடம் எவ்வளவு வரும், ஐந்தாவது வருடம் எவ்வளவு, பத்தாவது வருடம் எவ்வளவு? அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

பதில்:

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சீனியரிடம் ஜூனியராக இருக்கும் முதல் இரண்டு மூன்று வருடம் மாதம் 5,000 முதல் 15,000 ரூபாய். தனியாக அலுவலகம் போட்ட பிறகு, ஐந்தாவது வருடத்தை ஒட்டி, செலவு போகக் கையில் நிற்பது 20,000 முதல் 35,000. பத்து வருடம் விடாமல் நின்று, இரண்டு மூன்று வகை வழக்குகளில் பெயர் வாங்கியவருக்கு 60,000 முதல் ஒன்றரை லட்சம். இவை கணக்கெடுப்பில் வந்த சராசரிகள் அல்ல. இங்கே வழக்கமாகப் பேசப்படும் ஃபீஸையும் ஆகும் செலவையும் கூட்டிக் கழித்து வரும் தோராயம். இதற்கு மேலே சம்பாதிப்பவர்களும் உண்டு, பத்தாவது வருடத்திலும் 20,000-ஐத் தாண்டாதவர்களும் உண்டு.

ஒரே கோர்ட், ஒரே அளவு அனுபவம், ஆனால் வருமானத்தில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதுதான் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது. திறமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பேசிய ஃபீஸில் எத்தனை பங்கு எப்போது கைக்கு வருகிறது என்பது. வடசென்னைக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் தினக்கூலி, ஆட்டோ, மீன் வியாபாரம், துறைமுக லோடு வேலை, சிறு கடை, தொழிற்சாலைச் சம்பளம் என்று வாழ்பவர்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் வருவதில்லை. வழக்கு நான்கு வருடம் இழுக்கும்போது அவர்களிடம் பணம் இருப்பதில்லை, அவ்வளவுதான். அதற்குத் தகுந்தபடி ஃபீஸைப் பிரித்து வாங்கத் தெரிந்தவர் நிலைக்கிறார்.

தொடக்கச் செலவிலிருந்து வருவோம். வழக்கறிஞராகப் பதிவு செய்ய 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். பல மாநிலங்களில் இந்தப் பதிவைச் செய்யும் பார் கவுன்சில்கள் வெவ்வேறு பெயர்களில் ஆயிரக்கணக்கில் வாங்கி வந்தன. சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதிவுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேற வேண்டும். 100 கேள்விகள், பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம். கோட்டு, கவுன், கழுத்துப் பட்டை, அடிப்படைச் சட்டப் புத்தகங்கள், சங்கச் சந்தா எல்லாம் சேர்த்து முதல் செலவு 15,000 முதல் 20,000-க்குள் அடங்கிவிடும். தொழில் தொடங்க ஆகும் முதலீடு இவ்வளவே. ஆனால் அடுத்த மூன்று வருடம் வீட்டுக்குப் பெரிதாக எதுவும் வராது. அந்த மூன்று வருடச் சாப்பாடுதான் உண்மையான முதலீடு, அதைக் குடும்பம் போட வேண்டியிருக்கும்.

ஜூனியர்களுக்குத் தரும் தொகை பற்றி: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை அனுப்பியது. அது பரிந்துரை, கட்டாயம் இல்லை. வடசென்னையில் தனி வக்கீல் நடத்தும் பல அலுவலகங்களில் சீனியருக்கே மாதம் 50,000 நிற்காதபோது அவரால் 20,000 தர முடியாது. 5,000-இல் தொடங்கி 10,000, 12,000 என்று ஏற்றுவார்கள். தம்புச் செட்டித் தெரு, ஆர்மேனியன் தெரு, லிங்கிச் செட்டித் தெருவில் இருக்கும் நடுத்தர அலுவலகங்களில் 15,000 கிடைக்கலாம். உயர் நீதிமன்றப் பக்கம் கம்பெனி வழக்கு பார்க்கும் அலுவலகங்களில் 20,000-க்கு மேலும் உண்டு. புதிதாகப் பதிவு செய்யும் இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு வருடம் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை என்று 2020-இல் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. தகுதி இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள். 15,000 கொடுத்து, இரண்டு வருடம் வாய்தா வாங்க மட்டும் கோர்ட்டுக்கு அனுப்பும் சீனியரைவிட, 7,000 கொடுத்துப் பிராது எழுதவும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் விடும் சீனியர் மேல். மூன்றாம் வருடம் தனியே வந்தால் கையில் இருக்கப்போவது அந்தப் பழக்கம்தான். சேரும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: தன் பெயரில் வழக்கு எடுத்துச் சொந்த வக்காலத்து போடலாமா, அந்த ஃபீஸ் யாருக்கு?

இனி எந்தக் கோர்ட். வடசென்னை என்று நாம் ஒரு வார்த்தையில் சொன்னாலும் வழக்குகள் நாலா பக்கமும் போகின்றன. காவல் நிலைய எல்லையைப் பொறுத்துக் குற்ற வழக்குகள் ஜார்ஜ் டவுன் அல்லது எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு. திருவொற்றியூரில் முன்சிஃப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் தனியாக உண்டு. மீஞ்சூர் பக்கம் என்றால் பொன்னேரி. சிட்டி சிவில் கோர்ட், சிறுவழக்கு நீதிமன்றம், குடும்ப நீதிமன்றம் எல்லாம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள். மகிளா கோர்ட் அல்லிக்குளம் வளாகத்தில். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய பிறகு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வக்கீல்களுக்கு உயர் நீதிமன்ற நிலையம் ஒரே வண்டியில் வந்துவிடுகிறது. பாரிமுனையில் ஒரு மேசைக்கு மாதம் 4,000, 5,000 கொடுக்காமல், வீட்டு முன்னறையிலேயே அலுவலகம் போட்டு, வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் வருவது இப்போது கட்டுப்படியாகும்.

பணம் எந்த வேலையில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இதில்தான் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெயில் வேலை உடனடிப் பணம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாதாரண அடிதடி வழக்கு பெயிலுக்கு 5,000 முதல் 15,000, செஷன்ஸில் 15,000 முதல் 30,000, உயர் நீதிமன்றத்தில் அதற்கும் மேல். ஆள் புழல் சிறையில் இருக்கும்வரை குடும்பம் கடன் வாங்கியாவது கொடுக்கும். வெளியே வந்த மறுநாள் பாக்கி நின்றுவிடும். அதனால் பெயிலுக்கான ஃபீஸை மனு போடும் முன் முழுதாக வாங்குவதே இங்கே நடைமுறை. இளம் வக்கீல்கள் இரக்கப்பட்டுப் பாதி வாங்கி மனு போடுவார்கள், மறு பாதியில் பெரும்பகுதி வராது. இன்னொரு தவறு, பெயில் ஃபீஸுக்குள்ளேயே சூரிட்டி வேலையையும் சேர்த்துப் பேசிவிடுவது. உத்தரவு கிடைத்த பிறகு இரண்டு ஜாமீன்தாரரைத் தேடி, அவர்கள் ஆவணம் சரிபார்த்து, கோர்ட்டில் நிறுத்தி, உத்தரவைச் சிறைக்குச் சேர்ப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். ‘பெயில் மனு இவ்வளவு, சூரிட்டி வேலை இவ்வளவு’ என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள், பெரிய குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அந்தத் தேதியை எண்ணி மறுநாளே மனு போடும் வக்கீலைக் கட்சிக்காரர் குடும்பம் மறக்காது. அடுத்த வழக்கும் அவரிடமே வரும்.

குண்டர் சட்டம் என்று மக்கள் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டத்தில் தடுப்புக் காவல் அதிகபட்சம் 12 மாதம். இதற்கு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். கட்டுக்கட்டாகக் கொடுக்கும் ஆவணங்களில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் இருந்தாலோ, காவலில் இருப்பவர் அரசுக்குக் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானாலோ உத்தரவு ரத்தாக வாய்ப்புண்டு. இந்த நுணுக்கத்தில் தேர்ந்தவர்களுக்கு வடசென்னையில் வருடம் முழுவதும் வேலை உண்டு. ஒரு மனுவுக்கு 25,000 முதல் 50,000 வரை பேசுவார்கள்.

விபத்து வழக்கு இந்தப் பகுதியின் தனிப் பாடம். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம், திருவொற்றியூர் நெடுஞ்சாலை எங்கும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அதனால் எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுக்கள் சிறுவழக்கு நீதிமன்றத்தில் எப்போதும் நிறைய. வக்கீலின் பணம் இங்கே தீர்ப்புக்குப் பிறகுதான். இரண்டு முதல் நான்கு வருடம் கைக்காசு போட்டு நடத்த வேண்டும்: முதல் தகவல் அறிக்கை நகல், ஸ்டான்லி மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சுருக்கம், மருத்துவக் குழுவின் ஊன அளவுச் சான்று, சம்பள ஆதாரம். இதில் ஏ.ஆர். காப்பியில் ‘கீழே விழுந்தார்’ என்று எழுதியிருந்து, எஃப்.ஐ.ஆரில் ‘லாரி மோதியது’ என்று இருந்தால் இன்சூரன்ஸ் தரப்பு அதை வைத்தே மனுவைத் தள்ளச் சொல்லும். கட்டை எடுக்கும் முன் இந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சட்டத்தில் இப்போது விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று கெடு இருக்கிறது. 2022 ஏப்ரலுக்கு முன் அந்தக் கெடு இல்லாததால் பழைய பழக்கத்தில் தாமதிப்பவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது பரவலாக நடக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி அது தொழில் ஒழுங்கீனம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கும் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் ஆள் பிடித்துத் தரும் புரோக்கருக்குப் பங்கு கொடுப்பதும் அதே விதிகளில் தடை. வழக்கறிஞர் அல்லாதவரோடு ஃபீஸைப் பகிரவே கூடாது. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்று உங்கள் மகளிடம் சொல்வார்கள். ஆனால் இழப்பீட்டுத் தொகை இப்போது நேரே பாதிக்கப்பட்டவர் வங்கிக் கணக்குக்குப் போவதால், சதவீதக் கணக்கில் தகராறு வந்தால் புகார் பார் கவுன்சிலுக்குத்தான் போகும், அங்கே வக்கீல் பக்கம் சொல்ல எதுவும் இருக்காது. மனு போடும்போது 5,000, சாட்சி விசாரணையில் 10,000, தீர்ப்புக்கு முன் 15,000 என்று நிலையான தொகை பேசி எழுதி வாங்குவதே பாதுகாப்பு. லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகும் வழக்கை அங்கே முடித்துவிடுவது நல்லது. மேல்முறையீடு கிடையாது, கட்சிக்காரருக்குப் பணம் சீக்கிரம் வரும், வக்கீலின் பாக்கியும் அதோடு தீரும்.

செக் கேஸ், அதாவது கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பிய வழக்கு, இளம் வக்கீலுக்கு நல்ல தொடக்கம், ஏனென்றால் படிகள் நாள் கணக்கில் தெளிவாக இருக்கின்றன. செக் திரும்பியதாக வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸுக்கு 1,500 முதல் 3,000, புகார் நடத்த 10,000 முதல் 25,000. பணம் வாங்க வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட்டில்தான் வழக்கு என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே சௌகார்பேட்டை, மிண்ட் தெரு மொத்த வியாபாரிகளின் வழக்குகள் எல்லாம் ஜார்ஜ் டவுனிலேயே நிற்கின்றன. எதிர்த்தரப்பு திருநெல்வேலியில் இருந்தாலும் சரி. ஒரு வியாபாரியின் நம்பிக்கையைப் பெற்றால் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து செக் கேஸ் ஒரே இடத்திலிருந்து வரும். அவர்கள் ஃபீஸைக் குறைத்துப் பேசுவார்கள், ஆனால் பேசியதைத் தேதி தவறாமல் கொடுப்பார்கள். கணக்குப் போட்டால் அதிக ஃபீஸ் பேசிப் பாதி வராத வழக்குகளைவிட இதில் மிஞ்சும். தவறு நடக்கும் இடம் கெடுதான். 30-ஆம் நாள் என்று நினைத்து 31-ஆம் நாள் நோட்டீஸ் அனுப்பினால் அந்த நோட்டீஸால் வழக்கு நிற்காது, அந்த வியாபாரியும் திரும்ப வரமாட்டார்.

சொத்து வேலையில் இரண்டு வகை. முதலாவது வங்கிக்கு லீகல் ஒப்பினியன், அதாவது சொத்தின் உரிமை தெளிவாக இருக்கிறதா என்று எழுதித் தருவது. வங்கியின் வக்கீல் பட்டியலான பேனலில் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கடனுக்கு 2,500 முதல் 6,000. வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், பட்டா மூன்றையும் ஒத்துப் பார்த்து எழுத வேண்டும். வங்கி பில்லைப் பாஸ் பண்ண இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆனால் வந்தே தீரும் பணம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில் அரசு வீட்டு வாரியக் குடியிருப்பு மனைகள் நிறைய. வாரியம் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கொடுத்து, கிரயப் பத்திரம் எழுதித் தராத வீட்டுக்கு ‘உரிமை தெளிவு’ என்று எழுதினால் பேனலை விட்டு நீக்குவார்கள். அதோடு, தவறான ஒப்பினியன் கொடுத்தவர்கள் பெயரை இந்திய வங்கிகள் சங்கம் எச்சரிக்கைப் பட்டியலில் எல்லா வங்கிக்கும் சுற்றுக்கு விடும். 3,000 ரூபாய்க்காகப் பத்து வங்கி வேலையை இழக்க நேரிடும்.

இரண்டாவது, பாகப்பிரிவினை, காலி செய்யும் வழக்கு, பண வழக்கு. ஃபீஸ் 30,000 முதல் ஒரு லட்சம் வரை பேசுவார்கள், வழக்கு நான்கைந்து வருடம். இங்கே கட்சிக்காரருக்கு முதலில் புரிய வைக்க வேண்டியது கோர்ட் ஃபீஸ் வேறு, வக்கீல் ஃபீஸ் வேறு என்பது. 2017-இல் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. பத்து லட்சம் ரூபாய் பண வழக்குக்கு 30,000 ரூபாய் அரசுக்கு. மொத்தமாக 60,000 என்று பேசிவிட்டால், கட்சிக்காரர் மனதில் வக்கீல் 60,000 வாங்கினார் என்றுதான் பதியும். ஐந்து வருடத்துக்கு அவர் கையில் நிற்பது மாதம் 500 ரூபாய் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே மூன்று தவணை: வக்காலத்து போடும்போது ஒரு பங்கு, சாட்சி விசாரணை தொடங்கும் முன் ஒரு பங்கு, வாதத்துக்கு முன் ஒரு பங்கு. டைப்பிங், ஜெராக்ஸ், நகல் மனுச் செலவு தனி. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைத் திருப்பித் தர மறுக்க முடியாது. வக்கீலுக்குக் கட்டின் மேல் பிடிப்புரிமை கிடையாது என்று 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தவணையை முன்கூட்டி வாங்குவதுதான் ஒரே வழி.

வாடகை வழக்குகளில் ஒரு மாற்றம். 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களில் வாய்ப்பேச்சில் இருந்தவர்கள் ஏராளம். ஒப்பந்தம் எழுதித் தரும் சிறு வேலை 1,000, 2,000 என்று அடிக்கடி வரும், அதிலிருந்து பெரிய வழக்கும் வரும்.

துறைமுகப் பக்கம் கவனிக்கச் சொல்கிறேன், இதை ஜூனியர்கள் அதிகம் யோசிப்பதில்லை. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றும் நம் வாசலில். ராஜாஜி சாலையில் சுங்க மாளிகை. இறக்குமதியாளருக்கு நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது, விசாரணையில் ஆஜராவது, ஆணையரிடம் மேல்முறையீட்டுக்கு 60 நாளுக்குள் போவது, அதற்கு வரியில் ஏழரை சதவீதத்தை முன்பணமாகக் கட்டுவது என்று இதற்குத் தனி நடைமுறை. ஒரு பதிலுக்கே 25,000-க்கு மேல் பேசலாம். கட்சிக்காரர் நிறுவனம் என்பதால் பணம் வங்கி வழியாக வரும். கற்றுக்கொள்ள இரண்டு மூன்று வருடம் அந்தத் துறை சீனியரிடம் இருக்க வேண்டும். ஏற்றுமதி இறக்குமதி ஏஜெண்டுகள் ராயபுரம், பாரிமுனையிலேயே இருப்பதால் அறிமுகம் கிடைப்பது வடசென்னைப் பிள்ளைகளுக்குத்தான் எளிது. என் கணிப்பில் இந்தப் பகுதியில் உழைப்புக்குத் தகுந்த பணம் வரும் வேலை இதுதான்.

குடும்ப வழக்கு பற்றிச் சுருக்கமாக: சம்மத விவாகரத்து 15,000 முதல் 35,000, ஜீவனாம்ச மனு 5,000 முதல் 15,000. பெண் வக்கீலைத் தேடி வரும் பெண்கள் அதிகம், ஆனால் கையில் பணமில்லாமல் வருபவர்களும் அவர்களே. அவர்களை இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்புவது மரியாதைக் குறைவு இல்லை. வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது.

இப்போது ஐந்தாவது வருடத்தில் ஒரு மாதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு நோட்டீஸ் 5,000, ஒரு பெயில் 15,000, மூன்று ஒப்பினியன் 9,000, ஒரு சிவில் வழக்கின் முதல் தவணை 15,000, ஒரு குடும்ப வழக்குத் தவணை 10,000, ஒப்பந்தங்கள் 3,000. பேசியது 57,000. கைக்கு வந்தது: நோட்டீஸில் 4,000, பெயிலில் 10,000, வங்கியிலிருந்து பழைய பில் 6,000, சிவிலில் 10,000, குடும்ப வழக்கில் 5,000, ஒப்பந்தம் 3,000. ஆக 38,000. செலவு: அறை வாடகையில் பங்கு 5,000, குமாஸ்தாவுக்குப் பங்கு 4,000, டைப்பிங் ஜெராக்ஸ் 3,000, போக்குவரத்தும் போனும் 3,000. மொத்தம் 15,000. நின்றது 23,000. பெயிலில் 5,000, சிவிலில் 5,000, குடும்ப வழக்கில் 5,000 முன்னாலேயே வாங்கியிருந்தால் அதே உழைப்புக்கு 38,000 நின்றிருக்கும்.

மே மாதத்தைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். கோடை விடுமுறையில் உயர் நீதிமன்றமும் சிவில் கோர்ட்டுகளும் மூடியிருக்கும். ஜூனில் கட்சிக்காரர்கள் பள்ளி ஃபீஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள். சிவில் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு மாதம் வரவு அநேகமாக நின்றுவிடும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் மேயிலும் நடக்கும், அதனால் கொஞ்சமாவது குற்ற வழக்கு கையில் வைத்திருப்பவர்கள் தப்பிக்கிறார்கள். பத்து மாதம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் செலவழிப்பதாகத் திட்டம் போடுங்கள்.

வரிச் சுமை பெரிதில்லை. தனிநபர்களுக்குச் செய்யும் வழக்கறிஞர் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, நிறுவனங்களுக்குச் செய்தால் அந்த நிறுவனமே கட்டும். வருமான வரியில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டி, கணக்குப் புத்தகம் இல்லாமலே தாக்கல் செய்யலாம். முதல் வருடத்திலிருந்தே தாக்கல் செய்ய வேண்டும். வீட்டுக்கடன் கேட்கும்போது வக்கீல் என்றால் வங்கிகள் தயங்கும், மூன்று வருடத் தாக்கல் இருந்தால் பேச இடம் உண்டு.

நிலையான சம்பளம் வேண்டுமென்று தோன்றினால் மூன்று வழிகள். நிறுவனத்தில் சட்ட அலுவலர் வேலை, தொடக்கத்தில் 25,000 முதல் 40,000. ஆனால் முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பிராக்டிஸை நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டாவது, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு. அடிப்படைச் சம்பளம் 56,100-இல் தொடங்கும், குற்றவியல் நீதிமன்றங்களில் 5 வருட அனுபவம் கேட்பார்கள். மூன்றாவது, சிவில் நீதிபதி. அடிப்படை 77,840-இல் தொடங்குகிறது. வடசென்னையில் பத்து வருட வக்கீல்கள் பலர் செலவு போக எடுப்பதை முதல் மாதமே தாண்டும் தொகை. 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும் என்ற நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்துவிட்டது. பார் தேர்வுக்கு முந்திய தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த மூன்று வருடம் எண்ணப்படும். பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர, மாவட்டத்தின் முதன்மை நீதிபதி அதில் ஒப்பமிட வேண்டும்.

குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டீர்கள். தனியாக இந்த வருமானத்தை மட்டும் நம்பி, வாடகை வீட்டில், முதல் ஐந்து வருடம் முடியாது. சொந்த வீடும் இன்னொருவர் சம்பளமும் இருந்தால் முடியும், எட்டாவது பத்தாவது வருடத்தில் தாராளமாகவே முடியும். பெண்களுக்கு நோட்டரி நியமனத்துக்கு 7 வருட அனுபவமே போதும், பொதுப் பிரிவு ஆண்களுக்குப் 10. அந்த விண்ணப்பத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், பதிவான நாள் முதல் எந்தத் தேதி, எந்தக் கோர்ட், என்ன வழக்கு எண், யாருக்காக ஆஜர் என்று ஒரு நோட்டில் எழுதி, தன் பெயர் உள்ள வக்காலத்து நகல்களையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்துச் சான்றுக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.